குண்டு துளைக்காத குளியல்தொட்டி

வீடு வாங்கப் போகிறவர்கள் எதையெல்லாம் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கூரை, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ், பேஸ்மென்றில் ஈரம், வாசல் எந்தத் திசை, பக்கத்து வீட்டில் இருப்பது எங்கடை ஆட்களா, அப்படியென்றால் எந்த ஊர். நான் இதையெல்லாம் மனைவியிடம் விட்டுவிட்டு நேரே குளியலறைக்குப் போவேன். தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, விரலை மடக்கி அதைத் தட்டுவேன். டொக் டொக்கென்று பொய்ச் சத்தம் வந்தால் அந்த வீட்டில் எனக்கு அரைவாசி விருப்பம் போய்விடும்.

ரொறன்ரோவுக்கு வடக்கே, ஸ்ரௌவ்வில்லில் இப்போது இருக்கும் வீட்டைப் பார்க்கப் போனபோது ரியல் எஸ்டேட் தம்பி கேட்டான்: "என்ன அண்ணை தட்டிப் பாக்கிறியள்? லீக் ஒண்டும் இல்லை."

"லீக்கைப் பாக்கேல்லைத் தம்பி. வெடி பட்டால் சன்னம் உள்ளுக்கு வருமோ எண்டு பாக்கிறன்."

அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். நான் பகிடிக்காரன் என்று எல்லாருக்கும் தெரியும். செத்த வீட்டிலும் நான் வாயைத் திறந்தால் நாலு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள். ஆனபடியால் நான் உண்மையைச் சொன்னாலும் ஒருவரும் நம்புவதில்லை. பயந்தாங்கொள்ளிக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

உங்களுக்கு ஒளிக்கத் தேவையில்லை. எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து இறங்கிய என் வயதுக்காரர் நீங்கள். கோடை விழாவில் வாணம் விடும்போது மற்றவர்கள் வானத்தைப் பார்க்க, நீங்கள் ஒதுங்க ஒரு சுவர் இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தச் சுவரோடு நான் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு நிற்பேன்.

ரொறன்ரோவில் முதலில் நாங்கள் இருந்தது சின்ன மாமாவின் அப்பாட்மென்றில். சின்ன மாமா அம்மாவின் தம்பி. ரக்சி ஓட்டினவர். வாயாலேயே ஒரு பட்டாளத்தை விரட்டக்கூடியவர். அந்த ஓர் அறைக்குள் எத்தனை பேர் படுப்பது என்பது அந்தக் கிழமை எந்த விமானத்தில் யார் வந்து இறங்கினார்கள் என்பதைப் பொறுத்தது. ஒருநாள் பிக்கரிங்குக்கு வடக்கே ஓர் ஆளை இறக்கப்போன மாமா, வயல்களுக்கு நடுவில் ஒரு பழைய செங்கல் வீடு வாடகைக்குக் கிடப்பதைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் ஒரு காளான் பண்ணை. அப்பாவுக்கு அங்கே வேலையும் சரிவந்தது.

"அத்தான், அங்கை ஒரு சத்தம் சந்தடி இல்லை. நிம்மதி எண்டால் உதுதான்," என்றார் மாமா.

அந்த வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மணம். அப்பாவின் உடுப்பில் எப்போதும் ஈர வைக்கோலும் குதிரைச் சாணமும் கலந்த காளான் மணம். சுவரில் பாய்க்கப்பல் படம் போட்ட கடதாசி ஒட்டியிருந்தது. ஈரத்தில் அது உரிந்து உரிந்து, கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்துகொண்டிருந்தன. மரத் தரையில் எலி நடந்தாலும் மேல்மாடிவரை கேட்கும். யாரோ ஒரு காலத்தில் முன் விறாந்தையின் ஒரு மூலையை அடைத்துக் குளியலறை ஆக்கியிருந்தார்கள். அதற்குள்தான் என் தொட்டி. வார்ப்பிரும்பு. சிங்கத்தின் பாதம்போல நாலு கால். வெள்ளைப் பூச்சு அங்கங்கே கழன்று கறுப்புத் தெரியும். காலையில் அதற்குள் இருந்தால் குளிர் முதுகெலும்பு வழியே ஏறி மண்டையைத் தொடும். தொட்டிக்குள் எழுந்து நின்றால் சின்ன யன்னல் வழியாக வாசற்படி முழுவதும் தெரியும்.

வீடும் சுற்றியிருந்த வயலும் வீதிக்கு அங்கால் இருந்த ஒரு கமக்காரக் கிழவருக்குச் சொந்தம். சிவந்த மூக்கு, சிரிக்காத வாய், பின்னாலேயே திரியும் ஒரு கறுத்த நாய். வீட்டுத் திறப்பைக் கையில் தந்த அன்று அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: படலையை எப்போதும் சாத்தி வைக்கவேண்டும், மாடு வீதிக்குப் போய்விடும். அப்பா நாளுக்குப் பத்துத் தரம் போய்ப் படலையைப் பார்த்துவிட்டு வருவார்.

அப்பாவின் ஆங்கிலத்தைப் பற்றி இந்த இடத்தில் ஒரு சொல் சொல்லவேண்டும். அவர் ஊரில் கச்சேரியில், அதுதான் அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவர். அவர் எழுதும் ஆங்கிலக் கடிதத்தை வாசிக்க வெள்ளைக்காரரே அகராதி எடுக்கவேண்டும். ஆகவே நடந்ததற்கெல்லாம் மொழியைக் குற்றம் சொல்ல முடியாது.

செப்டெம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை. விடிந்து, வயலில் இன்னும் பனிப்புகார் கிடந்தது. அம்மா அடுப்படியில் விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தா. அது இரண்டாவது புரட்டாதிச் சனி. சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்து, காகத்துக்குச் சோறு வைத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்களுக்குச் சாப்பாடு. அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் முதல் வெடி கேட்டது. பிறகு இரண்டு. பிறகு எண்ண முடியவில்லை.

ஊரில் எங்கள் வீட்டுக்கு ஓட்டுக் கூரை. கொங்கிறீற் போட்ட ஒரே இடம் கக்கூஸ். வெடி கேட்டால் குடும்பமே அங்கேதான் ஓடும். ஆகவே என் கால் இரண்டும் என்னிடம் ஒரு சொல் கேட்காமல் குளியலறைக்கு ஓடின. தொட்டிக்குள் விழுந்து, தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டேன். பிளாஸ்டிக் வாளி. அது சன்னத்தைத் தடுக்கும் என்று அப்போது நான் முழுமனதாக நம்பினேன்.

அக்கா மட்டும் படியில் நின்று கத்தினா: "ஆமி இல்லையப்பா! வாத்துச் சுட வந்திருக்கிறாங்கள். சீசன் துடங்கிட்டுது எண்டு ஸ்கூலிலை எல்லாரும் கதைக்கிறவை."

"துவக்கு வைச்சிருக்கிறவன் எல்லாம் ஒண்டுதான் பிள்ளை. குனி," என்றார் அப்பா தரையிலிருந்து.

அதற்குப் பிறகு கதவு தட்டுப்பட்டது.

இப்படியான நேரத்தில் என்ன செய்யவேண்டும் என்று எங்களுக்குப் பழக்கம் இருந்தது. துவக்கோடு ஆட்கள் கதவைத் தட்டினால், வீட்டில் ஒருவரும் உள்ளே ஒளிந்திருக்கக்கூடாது. எல்லாரும் வரிசையாக வெளியே வரவேண்டும். கை தெரியவேண்டும். அடையாள அட்டை கையில் இருக்கவேண்டும். அப்பா என்னையும் தொட்டியிலிருந்து தூக்கி எடுத்தார். விறாந்தையில் நின்றோம்: அப்பா, அம்மா, அக்கா, நான். அப்பாவும் அம்மாவும் அக்காவும் இலங்கை அடையாள அட்டையை, அந்த ஐசியை, நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தார்கள். எனக்கு அந்த வயதில் அட்டை இல்லை. பள்ளிக்கூட லைப்ரரி கார்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு புத்தகம் திருப்பிக் கொடுக்காமல் கிடந்தது. அதற்கும் சேர்த்துச் சுடுவார்களோ என்று யோசித்தேன்.

எதிரில் இரண்டு பேர். ஒருவர் நெட்டை, மற்றவர் தாடி. பச்சையும் மண்ணிறமும் கலந்த உடுப்பு, முழங்கால்வரை சப்பாத்து, கையில் துவக்கு. அவர்கள் எங்களைப் பார்த்தார்கள். எங்கள் அட்டைகளைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு நெட்டையர் அவசரமாகச் சட்டைப்பைக்குள் கைவிட்டு, தன்னுடைய வேட்டை லைசென்சை எடுத்து அப்பாவுக்கு நேரே நீட்டினார். தாடிக்காரரும் நீட்டினார். நாங்கள் ஏதோ பரிசோதிக்க வந்த அதிகாரிகள் என்று நினைத்திருக்கவேண்டும்.

இரண்டு பகுதியும் கொஞ்ச நேரம் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"உங்கடை வயலிலை வாத்துச் சுடலாமோ?" என்று நெட்டையர் மிக மரியாதையாகக் கேட்டார்.

"யெஸ் சேர்," என்றார் அப்பா.

அவ்வளவுதான். அவர்கள் வயலுக்குப் போனார்கள். நாங்கள் உள்ளே போய்த் தரையில் படுத்தோம். மத்தியானம்வரை அவர்கள் சுட, அனுமதி கொடுத்த வீட்டுக்காரர் அனைவரும் குப்புறக் கிடந்தோம். அப்பா தலையை மட்டும் தூக்கி அம்மாவிடம் சொன்னார்: "நல்ல நாடு. இஞ்சை அவங்களும் ஐசி காட்டுறாங்கள்."

அந்த வேட்டைக்காரர் நகரத்திலிருந்து வருகிறவர்கள். கமக்காரக் கிழவரிடம் கேட்டால் நாயை விட்டுத் துரத்துவார் என்று அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் படலையைத் திறந்துவிட்டுப் போவார்கள், பயிரை மிதிப்பார்கள், வெற்றுத் தோட்டாவை மாடு மேயுமிடத்தில் எறிவார்கள். வருடக்கணக்கான கோபம் அது. இப்போது அதே வயலுக்கு நடுவில், கதவைத் தட்டினால் குடும்பமாக வந்து நின்று "யெஸ் சேர்" சொல்லும் ஒரு வீடு முளைத்திருக்கிறது. செய்தி பரவாமல் இருக்குமா? அடுத்த சனிக்கிழமை வாசலில் நாலைந்து பிக்கப் வண்டிகள் நின்றன. அப்பா எல்லாருக்கும் "யெஸ் சேர்" சொன்னார். ஒருவர் நன்றியென்று கையை நீட்ட, அப்பா அந்தக் கையில் அடையாள அட்டையை வைத்தார்.

இதற்குள் அம்மாவின் சோறு வேறு. அம்மா வீட்டுக்குப் பின்னால் எள்ளுப் போட்ட சோற்றை வைத்து "கா, கா" என்று கூப்பிடுவா. காகம் வரவில்லை. வாத்து வந்தது. முதலில் இரண்டு, பிறகு ஒரு கூட்டம். கழுத்தை நீட்டி, ஒரு பருக்கை விடாமல் பொறுக்கின. அம்மாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "இந்த நாட்டிலை சனீஸ்வரனுக்கு வாகனம் மாறிப்போச்சுப் போலை," என்று சொல்லி அடுத்த சனிக்கு ஒரு சுண்டு அரிசி கூடப் போட்டா. வாத்தைத் தேடி வேட்டைக்காரர் எங்கள் கொல்லைவரை வந்தார்கள். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் தொட்டியில் தலையணை, போர்வை, ஒரு பிஸ்கற் பெட்டி எல்லாம் வைத்துக் குடியேறிவிட்டேன். வெள்ளிக்கிழமை பின்னேரமே தொட்டிக்குள் இறங்குவேன். சனி முடிய மனிதனாவேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சுடமாட்டார்கள். லீவு போட்டுச் சுடுகிற ஆட்களை நான் அங்கேதான் முதலில் கண்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை மத்தியானம், வெடி ஓய்ந்த பிறகு, அப்பா கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

கதவுக் குமிழில் ஒரு செத்த வாத்து தொங்கியது. கழுத்தில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. மூக்கிலிருந்து ஒரு துளி இரத்தம் படியில் விழுந்து, அடுத்த துளி விழுவதா வேண்டாமா என்று நின்றது.

"சூனியம்," என்றா அம்மா. "சனிக்கிழமை, செத்த பிராணி, சிவப்புக் கயிறு. இதுக்கு மேலை என்ன வேணும்?"

"இல்லை. இது எச்சரிக்கை," என்றார் அப்பா. "அடுத்தது நாங்கள்."

"பிறசன்ற் தந்திருக்கினம் போலைக் கிடக்கு," என்றா அக்கா. அக்காவுக்கு அப்போது பதினேழு வயது. பதினேழு வயதுப் பெட்டை சொல்வதை யார் கேட்டார்கள்? இப்போது யோசித்தால் அந்த நெட்டையரையும் தாடிக்காரரையும் என்னால் காண முடிகிறது. பிக்கப்புக்குள் கிடந்த எந்தப் பெட்டியிலிருந்தோ ஒரு நாடாவைத் தேடியெடுத்து, தடித்த விரல்களால் முடிச்சுப் போட்டு, இருப்பதில் கொழுத்த வாத்தை எங்களுக்கென்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த நன்றியில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அப்பா வாத்தை அவிழ்த்துக் கையில் எடுத்த நேரம், கிழவர் வயலால் வந்தார். கையில் துவக்கு. பின்னால் நாய், ஒரு பின்னங்காலைத் தூக்கியபடி. காலில் சன்னம் பட்டிருந்தது. துரத்தப் போனவர் ஒருவரையும் பிடிக்க முடியாமல் வந்திருக்கிறார். எங்கள் கொல்லையில் கொட்டிக் கிடந்த சோற்றையும் பார்த்துக்கொண்டுதான் வந்தார்.

கையில் வாத்து இருந்தபடியால் அப்பாவால் கையை உயர்த்த முடியவில்லை. அட்டைக்குப் பதிலாக வாத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிழவர் அப்பாவைக் கைதூக்கிய கோலத்தில் அன்றே கண்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அவர் ஆங்கிலத்தில் கத்தியதை நான் எங்கடை பேச்சிலேயே சொல்கிறேன். கோபத்துக்கு அதுதான் தோது.

"நீயோ உவங்களை என்ர காணிக்குள்ளை விட்டனீ?"

"யெஸ் சேர்."

"வாத்தைக் கூப்பிட உந்தச் சோத்தைக் கொட்டினது நீங்களோ?"

"யெஸ் சேர்."

"அதுக்குக் கிடைச்ச பங்கோ உது?"

அப்பா வாத்தைப் பார்த்தார். "யெஸ் சேர்."

கிழவரின் மூக்கு இன்னும் சிவந்தது. "அப்ப, உங்களை வீட்டை விட்டு எழுப்பச் சொல்லுறியோ?"

"யெஸ் சேர்."

யன்னலுக்குள் நின்ற நான் கண்ணை மூடிக்கொண்டேன். இப்படி ஒரு குற்றவாளி, கேட்ட எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு, தண்டனையையும் தானே கேட்டு வாங்குகிறவர், அந்தக் கிழவர் தன் வாழ்நாளில் கண்டிருக்கமாட்டார். கடைசியில் சொன்னார்: "வாற சனிக்கிழமை நான் வந்து நிண்டு பாப்பன். ஒருத்தனாவது உன்ர சொல்லிலை உள்ளை வந்தால், நீங்கள் வெளியிலை."

அப்பா அதற்கும் "யெஸ் சேர்" என்றார்.

குளிர்காலம் வரப்போகிறது. சின்ன மாமாவின் அப்பாட்மென்றில் எங்கள் இடத்தில் இப்போது வேறு குடும்பம் படுக்கிறது. காளான் பண்ணைக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் வேறு வீடு இல்லை. எங்கள் அகதி வழக்கு முடியவில்லை. இந்த நேரத்தில் ஒரு வெள்ளைக்காரர் எங்களைப் பற்றி எங்காவது போய் ஏதாவது சொன்னால் என்ற பயம் வேறு. அந்தக் கிழமை அப்பாவும் அம்மாவும் கதைத்தது முழுக்கத் தாழ்ந்த குரலில். எல்லாவற்றுக்கும் மருந்து ஒரு சொல். அப்பா அந்த வேட்டைக்காரரிடம் "நோ" என்று சொல்லவேண்டும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சின்ன மாமா வந்து இறங்கினார். "உது என்ன பெரிய வேலையே? நான் பழக்கிவிடுறன் அத்தான்," என்று வீடு கூட்டும் தும்புத்தடியைத் தூக்கித் துவக்குப்போலத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைத் தட்டினார். அப்பா திறந்தார்.

"நான் வேட்டைக்காரன். சுடலாமோ?"

அப்பா தும்புத்தடியைப் பார்த்தார். "யெ..."

"அத்தான்! இது தும்புத்தடி!"

"தெரியும். ஆனால் நீர் அதைப் பிடிச்சிருக்கிற விதம் சரியில்லை."

மாமா தடியைக் கீழே பிடித்துப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் ஒளித்துப் பார்த்தார். கடைசியில் தடியை எறிந்துவிட்டு வெறுங்கையோடு நின்று கேட்டார். அப்பா "நோ" என்றார், மிக நல்ல உச்சரிப்பில். தடியை எடுத்ததும் திரும்ப "யெஸ் சேர்." அக்கா கதிரையில் விழுந்து விழுந்து சிரித்தா. நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. எழும்பி அடுப்படிக்குப் போனா. தண்ணீர் குடிக்கப் பின்னால் போன என்னிடம், சட்டியைப் பார்த்தபடி சொன்னா: "சிரியாதை தம்பி. ஊரிலை ஒருக்கா ஆமிக்காரங்கள் துவக்கோடை வந்து கேட்டபோது, அப்பாவுக்குப் பக்கத்திலை நிண்டவர் 'இல்லை' எண்டு சொன்னவர்."

மிச்சத்தை அம்மா சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

"விடுங்கோ," என்றார் மாமா சாப்பிடும்போது. "நாளைக்கு நானே முன்னுக்கு நிண்டு சொல்லுறன். ரொறன்ரோவிலை ராத்திரியிலை குடிகாரரை ஏத்தி இறக்கிற எனக்கு உவங்கள் ஒரு ஆளே?"

சனி விடிந்தது. கடைசிப் புரட்டாதிச் சனி. சோறு வைக்கவேண்டாம் என்று அப்பா சொல்லிப்பார்த்தார். "நாலு சனி வைச்சிட்டு அஞ்சாவதை விட்டால் அவர் சும்மா இருப்பாரே?" என்று கேட்ட அம்மா, கொல்லையை விட்டு, விறாந்தை மதிலில் ஒரேயொரு பிடி வைத்தா. தூரத்தில் முதல் வெடி கேட்டது. சின்ன மாமா கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கவனமாக மேசையில் வைத்தார். "ஃபேர்னஸ் ஒரு மாதிரிச் சத்தம் போடுது, கேட்டியளோ? பாத்திட்டு வாறன்," என்று பேஸ்மென்றுக்கு இறங்கினார். கதவை உள்ளிருந்து சாத்தும் சத்தம் கேட்டது.

நான் தொட்டிக்குள் நின்றபடி. வாளி தலையில். ஒரு கண்ணுக்கு மட்டும் யன்னல்.

பிக்கப் வந்து நின்றது. நெட்டையரும் தாடிக்காரரும் பழைய சிநேகிதர் மாதிரிக் கையை ஆட்டிக்கொண்டு இறங்கினார்கள். துவக்கை எடுத்தார்கள். அப்பா தனியே விறாந்தையில் போய் நின்றார். அந்த நேரம் மற்றப் பக்கத்தால், வயலுக்குள்ளால், கிழவர் வந்தார். கையில் அவருடைய துவக்கு. நாய் நொண்டியபடி பின்னால்.

அப்பா முன்னால் பார்த்தார். துவக்கு. பக்கத்தில் பார்த்தார். துவக்கு. அவருடைய கை இரண்டும் தாங்களாகவே மேலே போயின. நெஞ்சு, தோள், காது, அதற்கும் மேலே. ஒரு கையில் அடையாள அட்டை. அப்பாவுக்கு உதடு இழுபட்டுப் பல்லெல்லாம் தெரிந்தது. வாளிக்குள் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. இப்போது சுடப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஊரில் கேட்காமல் விட்ட மிச்சத்தை இங்கே பார்க்கப்போகிறேன் என்று நினைத்தேன்.

கிழவர் நின்றார். அப்பாவின் கையைப் பார்த்தார். அந்த அட்டையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என்ன நடக்குது இஞ்சை?" என்று நெட்டையர் கிழவரைக் கேட்டார். "இந்தாள் தானே எங்களுக்கு ஓமெண்டு சொன்னவர். ஒவ்வொருமுறையும் சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர்."

கிழவர் அப்பாவின் முகத்தைக் காட்டினார். "உது சிரிப்போ?"

நெட்டையர் பார்த்தார். மெல்லத் தொப்பியைக் கழற்றினார். தாடிக்காரர் தன் துவக்கைக் கொண்டுபோய்ப் பிக்கப்புக்குள் வைத்தார். மற்றதையும் வாங்கிக்கொண்டுபோய் வைத்தார். கிழவர் தன் துவக்கை மடித்து, தோட்டாவை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, துவக்கைப் புல்லில் வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் அவரால் நிமிர முடிந்தது. வெறுங்கையோடு படிக்குக் கிட்ட வந்தார்.

"அந்தச் சோறு?" என்று கேட்டார்.

கதவுக்குள் நின்ற அக்கா பதில் சொன்னா: "அது வாத்துக்கு இல்லை, காகத்துக்கு. சனிக்கிரகத்துக்காக அம்மா வைக்கிறவ."

கிழவர் ஒருமுறை வானத்தைப் பார்த்தார். பிறகு மதிலைப் பார்த்தார். இவ்வளவு களேபரத்துக்குள்ளும் எங்கிருந்தோ ஒரு காகம் வந்து, அம்மாவின் சோற்றை ஆறுதலாகக் கொத்திக்கொண்டு நின்றது. நாலு சனி கூப்பிட்டும் வராத காகம்.

கிழவர் அப்பாவிடம் திரும்பினார். இம்முறை கத்தவில்லை.

"இந்த வீட்டை விட்டுப் போக விருப்பமோ?"

அப்பாவின் கை இன்னும் மேலேதான் இருந்தது. வாய் திறந்தது. எனக்கு அந்த 'யெ' கேட்டுவிட்டது போலவே இருந்தது. வாளியின் விளிம்பைக் கடித்துக்கொண்டேன்.

"நோ," என்றார் அப்பா.

சத்தம் அவ்வளவாக இல்லை. ஆனால் சொல்லிவிட்டார். பின்னால் 'சேர்' கூட இல்லை. சொன்ன பிறகு அவர் கையை மெல்ல இறக்கினார், ஏதோ பாரமான சாமானைப் பரணிலிருந்து இறக்குவதுபோல.

கிழவர் தலையை ஆட்டினார். "சோத்தை இந்தப் பக்கமே வையுங்கோ. வயலுக்கை வேண்டாம்," என்றார். மன்னிப்பு, கவலை என்று ஒன்றும் கிடையாது. துவக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு எத்தனையோ தரம் வந்திருக்கிறார். ஒருநாளும் துவக்கோடு வந்ததில்லை. அடுத்த நாள் எங்கள் படலையில் ஒரு பலகை அடித்திருந்தது. வேட்டைக்கு அனுமதியில்லை, கேட்பதென்றால் வீதிக்கு அங்கால் வந்து என்னைக் கேள் என்று அவரே பெயின்ற் பண்ணியிருந்தார். அவரிடம் போய்க் கேட்கிற தைரியம் ஒருவருக்கும் வரவில்லை. நாங்கள் அந்தக் குளிர்காலத்தையும் அதற்குப் பிறகு வேறு குளிர்காலங்களையும் அங்கேயே கழித்தோம். இப்போது அந்த வீடு இல்லை. தொட்டி எந்த இரும்புக் கடைக்குப் போனதோ தெரியாது.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று காலை பிக்கப் திரும்பிப் போன பிறகு நடந்தது.

குளியலறைக் கதவு திறந்தது. அப்பா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். என்னைப் பார்க்கவில்லை. சப்பாத்தையும் கழற்றாமல் ஒரு காலைத் தூக்கித் தொட்டிக்குள் வைத்தார். பிறகு மற்றக் காலை.

"தள்ளி இரு," என்றார்.

தள்ளினேன். எனக்கு எதிரே, தண்ணீர்க் குழாய்க்குக் கீழே, முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்தார். காளான் மணம் வந்தது. கையில் அட்டை இன்னும் இருந்தது. அதன் மூலை படபடவென்று தொட்டியில் தட்டுப்பட்டது. பிஸ்கற் பெட்டியை நீட்டினேன். ஒன்று எடுத்தார். அம்மா வந்து கதவைத் திறந்து, தொட்டிக்குள் இருந்த இரண்டு ஆம்பிளைகளையும் பார்த்துவிட்டுப் போய் இரண்டு கோப்பைத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா.

அப்போது கீழேயிருந்து, சூடு வரும் குழாய் வழியாக, ஒரு குரல் ஏறி வந்தது.

"அத்தான்... அத்தான்... போயிட்டாங்களோ?"

அப்பா தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படியொரு குறும்பை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

"இல்லை," என்றார். "இன்னும் நிக்கிறாங்கள். அசையாமல் அங்கையே இரும்."

எங்கள் இரண்டு பேருடைய முழங்காலும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. அதில் எது நடுக்கம், எது சிரிப்பு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.